ஜம்புநாதய்யரும் அவருடைய அடையாற்றுத் தோட்ட வீடும்

திங்கட்கிழமை காலை, லஸ் முனையில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. கொண்டுவந்தவர் என்னோடு ஒரே வருஷத்தில் சன்னது வாங்கிய வக்கீல் நண்பர். குடையை மடக்கிக்கொண்டு அருகில் வந்தார்.

"சவரிமுத்து, விஷயம் தெரியுமோ? நம்ம ஜம்புநாதய்யர் போயிட்டார். விடியக்காலம்பற. தூக்கத்துலயே."

கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையான கண்ணீர்தான். ஆனால் கைக்குட்டையைத் திரும்பப் பைக்குள் வைப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அந்த அடையாத்து வீடு இனிமே யாருக்குன்னு ஏதாவது காதுல பட்டுதா? வர்ற கோடைக்கு நாங்க கேட்டு வச்சிருந்தோம்."

டிராம் வந்தது. அவர் ஏறினார். நான் அடுத்ததில் போனேன்.

அவருடைய ஜூனியர்களும் சிநேகிதர்களுமாகச் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடப்போவதாகவும், பதினான்கு வருஷம் அவர் அறையில் இருந்தவன் என்ற முறையில் நான் எழுதியாக வேண்டும் என்றும் மறுநாள் சொல்லியனுப்பினார்கள். "சட்ட ஞானத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதுகிறார்கள். நீர் அந்தத் தோட்ட வீட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதும். படிக்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்" என்று குறிப்பு. சரி, அதைப் பற்றியே எழுதுகிறேன். இதைப் படிக்கப்போகும் நீங்கள் அநேகமாக எல்லோரும் அங்கே ஒரு வாரமாவது இருந்தவர்கள். நான் சொல்கிற கிணறும் சவுக்குத் தோப்பும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போகிற மற்றது தெரியாது.

வீடு வந்த கதையை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருப்பீர்கள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார நீதிபதி, தம்முடைய இரண்டு நாய்களை ஐயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரு துரை தம் நாயை நம்பி விட்டுப்போகிற அளவுக்கு மயிலாப்பூரில் வேறு எந்த வக்கீலுக்கும் மரியாதை இல்லை என்பது அவருடைய பெருமை. ஆனால் அவர் மனைவி, நாய் வாசற்படி ஏறினால் தாம் கொல்லைப்புறமாக இறங்கிப் பிறந்தகம் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். ஐயர் தர்க்கம் செய்யவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஊரூர்க் குப்பத்துக்கும் திருவான்மியூர்ச் சாலைக்கும் நடுவே, சவுக்குத் தோப்போடு ஓர் ஓட்டு வீட்டை வாங்கி நாய்களைக் குடிவைத்தார். பிறகுதான் மனிதர்களுக்கு அழைப்பு வந்தது. "வீடு டியூக்கோடதும் ரோஸியோடதும். நாமெல்லாம் விருந்தாளிடா" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஹைகோர்ட் கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன், எந்தக் குடும்பத்துக்கு எந்த வாரம் என்று அவர் அறையில் உட்கார்ந்து தீர்மானிப்பார். நாய் வளர்க்கிறவர்களுக்கு முதல் மரியாதை. ஊரில் வேறு எந்தத் தோட்ட வீட்டிலும் நாயைக் கூட்டி வராதே என்பார்கள். இங்கே கூட்டி வராதவனைத்தான் ஏளனமாகப் பார்த்தார்கள். "நாய் இல்லாதவனுக்கு எந்த வாரத்தைடா குடுக்கறது?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்கும்போது அறையே அதிரும். இதற்காகவே நம்மில் எத்தனை பேர் நாய் வாங்கினோம் என்பது நமக்குத் தெரியும். மந்தைவெளியிலிருந்து குடித்தனக்காரனுடைய நாட்டு நாயை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி, அதற்கு 'பிரின்ஸ்' என்று பெயர் வைத்துக் கூட்டிப் போனவர் இன்று நல்ல பதவியில் இருக்கிறார். அந்த நாய் முதல் நாளே பாலத்தைத் தாண்டி மந்தைவெளிக்கு நடந்து போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் சுயமரியாதை இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

நாய்களின்மேல் எனக்குக் குறை இல்லை. அவை நாயாக இருந்தன. என்னால் சகிக்க முடியாமல் போனது மனிதர்கள். பால் செம்பில் நாய் மயிர் மிதக்கும். வழித்துப் போட்டுவிட்டு, "பாதகமில்லை, சுத்தமான ஜாதி" என்பார்கள். படுக்கை விரிப்பில் ஈர நாயின் வாடை. குழந்தைகளின் காதுக்குப் பின்னால் உண்ணி. மயிலாப்பூரில் வேற்று ஜாதியான் தொட்ட தண்ணீரைக் கீழே கொட்டுகிறவர் ஒருவர், ஐயர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காகத் தம் இலையிலிருந்த இட்லியில் பாதியை டியூக் நக்க விட்டு, மீதியைத் தாம் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். "குழந்தை மாதிரி சார்" என்றார். அவருக்கு அடுத்த மாதம் ஒரு பெரிய அப்பீல் வந்தது.

ஐயருக்குச் சேரவேண்டிய நல்லதையும் சொல்லிவிடுகிறேன். நான் சாந்தோம் கிறிஸ்தவன். மயிலாப்பூரில் ஏழு வக்கீல்களின் வீட்டு வாசலில் நின்றேன். ஏழு பேரும் அறையில் இடமில்லை என்றார்கள். ஐயர் மட்டும், "குறுக்கு விசாரணைக்கு வேண்டியது காது. வேதம் என்னவா இருந்தா என்ன? உள்ளே வா" என்றார். சாட்சியைக் கோபப்படுத்தாமல் பொய்யைக் கறப்பது எப்படி என்று அவரிடம்தான் பார்த்துக் கற்றேன். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "வாய்தா வாங்கத் தெரிஞ்சவன்தான் வக்கீல். நாளைத் தள்ளிண்டே போனா பாதி கேஸ் தானே செத்துப்போகும்." அதையும் அவரிடம்தான் பார்த்தேன். கோர்ட்டில் மட்டும் அல்ல.

என் மகள் பிலோமினாவுக்கு அப்போது ஏழு வயது. அதுவரை தனியாகப் போய்வந்துகொண்டிருந்த நான், குடும்பத்தோடு வரச் சொன்னதை மூன்று வருஷமாகத் தட்டிக் கழித்துவிட்டு, அந்தக் கோடையில் போனேன். இன்னொரு முறை மறுத்தால் அவர் முகம் மாறியிருக்கும். சனிக்கிழமை ஜட்காவில் போய் இறங்கினோம். சமையல் அறையில் மீன் கூடாது என்பது விதி. அது அவர் வீடு, அவர் ஆசாரம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் பின்கட்டில் நாய்களுக்காகத் தனி அடுப்பு இருந்தது. தினமும் அதில் ஆட்டெலும்பு வேகும். "சவரி, உங்காத்துக்காரிக்கு மீன் இல்லாம முடியாதுன்னா அந்த அடுப்புல பண்ணிக்கட்டும். ரோஸி கோச்சுக்க மாட்டா" என்று புன்னகையோடு அனுமதி கொடுத்திருந்தார். பெரிய சலுகை கொடுத்ததாகவே அவர் நினைத்தார். அவர் குரலில் துளியும் விஷமம் இல்லை. என் மனைவி மரியம்மாள் அந்த அடுப்பை ஒருமுறை பார்த்தாள்.

குப்பத்திலிருந்து கன்னியம்மா என்ற மீன்காரி கூடையோடு வந்திருந்தாள். சாந்தோமில் எங்கள் தெருவுக்கும் வருகிறவள். அடுப்பையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, நாயி சட்டியிலயா ஆக்கப் போற? எங்க குப்பத்துக்கு வா, என் ஊட்டு அடுப்ப நான் தரேன்."

"வேணாம் கன்னியம்மா. ஒரு வாரம் மீன் இல்லாம செத்துட மாட்டோம்."

என் மனைவி அப்படிச் சொன்னாள். நான் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், கிணற்றடியில் கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்த பிலோமினாவை டியூக் கடித்தது. அவள் அதைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. அது தோப்பிலிருந்து தலையைத் தொங்கப் போட்டபடி நேராக நடந்து வந்து, முன்கையைக் கவ்வி, விட்டுவிட்டு, அதே நடையில் போய்விட்டது. குரைக்கவில்லை. நான்கு பல் பதிந்திருந்தது. தோட்டக்காரன், போன மாதம் நாய்களுக்கும் ஒரு நரிக்கும் தோப்பில் சண்டை நடந்ததாகச் சொன்னான். அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். "சொன்னனே, ஐயருக்குச் சொன்னனே" என்றான்.

மறுநாள் காலை ஐயர் தம் மோட்டாரில் வந்தார். குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தார். உண்மையிலேயே அவர் முகம் வாடியது.

"டியூக் கடிக்காதேடா. வாலை மிதிச்சிருப்பா."

"மிதிக்கல தாத்தா" என்றாள் பிலோமினா.

"சரி, மிதிக்கலை. சவரி, கேளு. பதினாலு நாள் வயத்துல ஊசி. சின்னக் குழந்தை தாங்குமா? டாக்டர்களே என்ன சொல்றா? நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுப் பாரு. அது தின்னுண்டு, தண்ணி குடிச்சுண்டு இருந்தா விஷம் இல்லை. ஏதாவது ஒரு மாத்தம் தெரிஞ்சா அன்னிக்கே உனக்கு ஆள் அனுப்பறேன். அன்னிக்கே ஊசியை ஆரம்பிச்சுடலாம். என் வார்த்தை."

அதில் தவறு இல்லை. எங்கள் தெரு டாக்டரும் அதையேதான் சொன்னார். எல்லாம் அந்த நாய் உயிரோடு இருப்பதில் இருந்தது. நாங்கள் சாந்தோமுக்குத் திரும்பினோம். அவர் ஆள் அனுப்பட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாளும் சாயங்காலம் லஸ்ஸுக்கு நடந்து போய் அவர் அறை வாசலில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவிலிலிருந்து நேரே போனேன்.

"டியூக் எப்படி இருக்கு சார்?"

"மோர் சாதம் சாப்பிட்டுதாம்." இது வியாழக்கிழமை.

"நன்னா இருக்கு. வாலை ஆட்டறதாம்." இது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை, காகிதக் கட்டிலிருந்து தலை நிமிராமல், "ஒண்ணும் கவலைப்படாதே" என்றார். ஞாயிற்றுக்கிழமை, "பத்து நாள்ல அஞ்சு போயிடுத்து. பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்று சிரித்தார். வீட்டுக்குப் போய் அதை மனைவியிடம் சொன்னேன். அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை கன்னியம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள். பிலோமினாவின் கையில் கட்டைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, பாப்பா கையில கட்டு?"

"தோட்ட வீட்டு நாய் கடிச்சிடுச்சு. கட்டிப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்காங்க."

அவள் கூடையின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"எந்த நாயி? டூக்கா? அது பூட்ச்சே நைனா! வியாயக்கெயமயே செத்துப் பூட்ச்சு. வாயெல்லாம் நொர தள்ளிக்கினு, சங்கிலியக் கடிச்சிக்கினு கெடந்துச்சு. தோட்டக்காரன் தோப்புல குயி தோண்டிப் பொதச்சான். நாங்கல்லாம் பாத்துக்கினு நின்னோமே. ஒனக்குச் சொல்லலியா?"

மரியம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடி ஜட்கா பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்கு ஒரு தாழ்வாரத்தில் வரிசை நின்றது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கிழவர், சைதாப்பேட்டையிலிருந்து ஒரு தயிர்க்காரி, இன்னும் பத்துப் பதினைந்து பேர். வரிசையின் முன்பக்கத்தில், பட்டுக்கரை வேஷ்டி கட்டிய ஒரு சின்னப் பையனும் பாவாடை கட்டிய அவன் தங்கையும் நின்றார்கள். கூடக் கையில் பிளாஸ்க்குடன் ஒரு சமையற்காரர். பையன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடி வந்தான். ஐயரின் பேரன்.

"சவரி மாமா! பிலோமினாவுக்கும் ஊசியா? அவளுக்கு எத்தனாவது?"

பதிலுக்குக் காத்திராமல் அவனே பேசினான்.

"எனக்கு இன்னிக்கு நாலாவது. ஜானுவுக்கும் நாலாவது. போன வாரம் தோட்டத்துக்குப் போனப்போ டியூக் எங்களை நக்கித்து இல்லையா, அதுக்கு. தாத்தா வெள்ளிக்கிழமையே அனுப்பிச்சுட்டார். யார்ட்டயும் சொல்லப்படாதுன்னு சொன்னார். நீங்க நம்ம மனுஷாதானே மாமா, உங்கள்ட்ட சொல்லலாம். பிலோமி, அழாதே, ரொம்ப வலிக்காது. மூணாவதுதான் வலிக்கும்."

கடிபட்ட குழந்தைக்கு முதல் ஊசி விழுந்தபோது, நக்கப்பட்ட குழந்தைகளுக்கு நாலாவது விழுந்தது. நான் சட்டம் படித்தவன். இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் லஸ் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அழ ஆரம்பித்தார்.

"டியூக் போயிடுத்துடா, சவரி. என்னைக் கிட்டக்கப் போக விடலை. தூர நின்னு பாத்தேன். என்னையே அடையாளம் தெரியலைடா அதுக்கு."

நாய்க்காக அழுதார். கேவிக் கேவி அழுதார். நான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் சட்டையில் என் குழந்தை வாந்தி எடுத்த ஈரம் இன்னும் காயவில்லை.

"குழந்தைகளை வெள்ளிக்கிழமையே அனுப்பினீங்களே சார்" என்றேன்.

"உனக்கும் சொல்லணும்னுதான் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு. அடுத்த வாரம் ஜட்ஜ் குடும்பம் வரா, அவா நாயோட. வெறி நாய் இருந்த வீடுன்னு ஒரு பேர் வந்துட்டா, அப்புறம் அந்த வாசல்ல எவன் கால் வைப்பான்? நீ வந்து நிக்கறச்சே எல்லாம் வாய் வரைக்கும் வந்துது. உன் குழந்தைக்கு ஒண்ணும் வராது. நான் தினம் சகஸ்ரநாமம் சொல்றச்சே அவளை நெனச்சுண்டுதான் சொல்றேன்."

அது பொய் இல்லை; அவளை நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். அதுதான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தம் வீட்டுக்கு ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது என்பதற்காக ஒரு குழந்தையின் உயிரை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி வைத்துவிட்டு, அதே குழந்தைக்காக மனமுருகிப் பிரார்த்தனையும் செய்யக்கூடியவர் அவர்.

வீட்டுக்குத் திரும்பியதும் மரியம்மாள் கேட்டாள்: "என்ன சொன்னீங்க அவரை?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே?"

"சரி சார்னு சொன்னேன்."

அவள் தூங்குகிற குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "அவரையாவது புரிஞ்சுக்கலாம்" என்றாள்.

பதினான்கு ஊசியும் போட்டு முடித்தோம். தாமதமாகத் தொடங்கியது பலிக்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஆறு மாதம் பார்க்க வேண்டும், விஷம் ஏறினால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்றார். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் பயமெல்லாம் ஒரு தண்ணீர்த் தம்ளரில் இருந்தது. அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் அவள் தொண்டையைப் பார்த்தோம். மழைக்காலத்தில் ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டு, தண்ணீர் வேண்டாம் என்று தலையைத் திருப்பினாள். மரியம்மாள் தம்ளரை அவள் வாயில் வைத்து அழுத்தியதில் பாதி குழந்தையின் பாவாடையில் கொட்டியது. "குடிச்சிரு கண்ணு. அம்மாவுக்காக." அவள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து மடமடவென்று குடித்து முடித்து, காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். நான் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

அவள் பிழைத்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

ஜட்ஜ் குடும்பம் குறித்தபடி வந்தது. அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தோப்பில் புதிதாக மண் மூடிய இடத்தில் அவர்களுடைய குழந்தைகள் ஊஞ்சல் கட்டி ஆடியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். ரோஸியை அந்த வாரத்துக்கு முன்பே எங்கோ அனுப்பிவிட்டார்கள். டியூக்கைப் பாம்பு கடித்ததாக ஊரெல்லாம் நம்பியது. நீங்களும் நம்பினீர்கள், துக்கம் கேட்கக்கூடப் போனீர்கள். அதற்கு அடுத்த கோடையில் ஐயர் யாரும் கேட்காமலே எனக்கு முதல் வாரத்தை ஒதுக்கினார். மனைவியும் மகளும் வர மறுத்துவிட்டார்கள். நான் மட்டும் போய் ஏழு நாள் இருந்துவிட்டு வந்தேன். மேலும் ஏழு வருஷம் அவர் அறையிலேயே இருந்தேன். எனக்கு வரவேண்டிய கேஸ் கட்டுகள் எல்லாம் தவறாமல் வந்தன. அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்களைப் போலச் சுமுகமாக இருந்த சீனியரும் ஜூனியரும் மயிலாப்பூரில் இல்லை என்று நீங்களே சொல்வீர்கள்.

நேற்று அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தத் தோட்ட வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பெரிய மனசு, வாயில்லா ஜீவன்களிடம் எவ்வளவு கருணை என்றார்கள். என் முறை வந்தபோது நானும் தலையசைத்தேன்.

மறைந்தவரிடமிருந்து நாம் எதை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முடிக்கும்படி மலர்க் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். அவர் கற்றுக்கொடுத்த குறுக்கு விசாரணையை இத்தனை வருஷத்தில் பாதிக்குமேல் மறந்துவிட்டேன். என்னிடம் இருப்பது ஒரு வியாழன், ஒரு வெள்ளி, ஒரு சனி, ஒரு ஞாயிறு. அந்த நான்கு நாளும் நான் அவர் அறை வாசலில் நின்று, மண்ணுக்குள் கிடந்த ஒரு நாயின் சௌக்கியம் விசாரித்தேன். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார். ரொம்பச் சந்தோஷம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.